தைத்த படகு

திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி சிரித்தாள். சிரித்ததில் நியாயம் உண்டு. எங்கள் ஊரில் மலை இருக்கிறது. மலைமேல் முருகன் இருக்கிறான். அவனிடம் போய்ச் சேர, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி, 365 படி இருக்கிறது. படகு மட்டும் கிடையாது. பக்கத்திலே நந்தி ஆறு இருக்கிறதே என்று கேட்கலாம். அதில் படகு விட வேண்டுமானால் முதலில் தண்ணீரை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

ஆனாலும் வருஷத்தில் மூன்று நாள் எங்கள் ஊரிலும் ஒரு மிதவை மிதக்கிறது. ஆடிக் கிருத்திகையை ஒட்டிச் சரவணப் பொய்கையில் தெப்பத் திருவிழா நடக்கும். அன்றைக்குக் கரை கொள்ளாத ஜனம். காவடி எடுத்தவர்கள், மொட்டை போட்டுக்கொண்டவர்கள், தமிழ் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுகிறவர்கள் எல்லாரும் விளக்கொளியில் மிதந்து வரும் சுவாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தெப்பத்தின் அடியில் இருக்கிற கட்டு யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு வருஷம் நான் கூட்டம் சேருவதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தேன். இடுப்பளவு தண்ணீரில் நான்கைந்து பேர் நின்று, தளர்ந்திருந்த கயிற்றை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இழுக்க, ஒருவர் முட்டுக் கொடுக்க, ஒருவர் முடிச்சுப் போட்டார். அது ஒற்றை ஆளால் ஆகக்கூடிய வேலையாகத் தோன்றவில்லை.

அப்போது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. சுவாமியின் தெப்பத்துக்குக் கை கொடுக்க ஆள் வருவதில் ஆச்சரியம் இல்லை, புண்ணியம் கிடைக்கிறது. ஆனால் ஒரு மீனவனுடைய படகு பிளந்துபோனால் யார் வருவார்கள்? அடுத்த படகுக்காரன் வருவானா? அவன் வராமல் இருந்தால் அவனுக்கு லாபம் அல்லவா? போட்டிக்கு ஒரு வலை குறைகிறதே!

இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஜில்லாவுக்குள்ளேயே கடல் இருக்கிறது. 1960-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. செங்கற்பட்டு ஜில்லாவில் ஒரு பகுதியாயிற்று. பிறகு 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமானபோது, மேற்குக் கோடியில் எங்கள் மலையும் கிழக்குக் கோடியில் பழவேற்காட்டு ஏரியும் ஒரே கலெக்டரின் ஆட்சிக்குள் வந்தன. இரண்டும் எல்லையில் இருக்கிற ஊர்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஆந்திரம். ஏரியிலும் பெரும் பகுதி ஆந்திரத்தில்தான் இருக்கிறது. ஒரு கோடையில் என் மைத்துனரை அழைத்துக்கொண்டு, திருவள்ளூரிலும் பொன்னேரியிலும் பஸ் மாறிப் பழவேற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மைத்துனர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர். ரசீது இல்லாத காரியம் எதுவும் உலகத்தில் நடந்ததாக அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அதனாலேயே அவரை அழைத்துப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் வழக்கமாகப் பார்ப்பது டச்சுக்காரர்களைத்தான். 1613-இல் அவர்கள் இங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமை ஸ்தானமாகப் பல காலம் இந்த ஊர் இருந்தது. 1690-இல் அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. கோட்டை போய்விட்டது, செதுக்கிய கல்லறைகள் மிச்சம். நாங்களும் கல்லறைகளைப் பார்த்துவிட்டுக் கரைப் பக்கம் நடந்தோம்.

அங்கே ஒரு ஃபைபர் படகைக் கவிழ்த்துப் போட்டு ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அடிப்பாகத்தில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. வெடித்த இடத்தை நன்றாகக் காயவைத்து, ஓரங்களைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கியிருந்தார்கள். ஒருவர் கண்ணாடி நார்ப் பாயை அளவாகக் கத்தரித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் ரெசினை ஒரு பழைய டப்பாவில் ஊற்றி, உறைய வைக்கும் மருந்தைக் கலந்தார். அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே அவசரத்தை! மருந்து கலந்துவிட்டால் ரெசின் கொஞ்ச நேரத்தில் இறுகிப் போகும். வெயிலில் இன்னும் சீக்கிரம். ஒருவர் பாயை விரித்துப் பிடிக்க, ஒருவர் பிரஷ்ஷால் பூச, மற்றொருவர் உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் அழுத்தி உருட்ட வேண்டும். தனி ஆள் இதைச் செய்தால் முதல் ஓரத்தை ஒட்டி முடிப்பதற்குள் டப்பாவில் இருப்பது கல்லாகிவிடும்.

வேலை முடிந்ததும் எல்லாரும் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். மைத்துனர் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்: "இவங்களுக்கெல்லாம் கூலி எவ்வளவு?"

படகுக்குச் சொந்தக்காரன் இளைஞன். பதில் சொல்லாமல் சிரித்தான். பக்கத்திலிருந்த ஒரு பெரியவர்தான் பேசினார். "இன்னாத்துக்கு சார் கூலி? போன மாசம் எம் போட்டு ஒடைஞ்சப்போ இவன்தானே வந்தான். நாளைக்கு யார் போட்டு ஒடையுமோ, யார் கண்டா?"

"அப்ப அவங்களும் படகுக்காரங்களா?"

"ஆமாம் சார். எல்லாருக்கும் போட்டு இருக்குது."

மைத்துனர் என் பக்கம் திரும்பி, "அத்தான், இது கணக்குல வராதே!" என்றார். அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை, திகைப்புத்தான் இருந்தது.

இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. நமது கரையில் படகு என்ற பொருளே பல கைகள் சேர்ந்தால்தான் உருவாகும் என்றபடி அமைந்திருந்தது. கட்டுமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர்கள் நம்மிடமிருந்து வாங்கிக்கொண்ட சொற்களில் அதுவும் ஒன்று. லேசான மரத்துண்டுகள் சிலவற்றைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம். மரம் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். ஆகையால் கரை வந்ததும் கட்டை அவிழ்த்து, துண்டு துண்டாகத் தூக்கி மணலில் காயப் போடுவார்கள். திரும்பக் கடலுக்குப் போகும்போது மறுபடி கட்ட வேண்டும். ஊறிய மரத்தைத் தோளில் தூக்க ஒருவனால் முடியாது. அந்த நேரத்தில் கரையில் யார் நிற்கிறானோ அவன் தோளைக் கொடுக்க வேண்டியதுதான்.

கட்டுமரத்தைவிட விசேஷமானது மசூலாப் படகு. சென்னைக்கு அந்தக் காலத்தில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே வரிசை வரிசையாக அலை உடையும். அந்த அலையைத் தாண்டி ஆட்களையும் சரக்குகளையும் கொண்டுவந்து சேர்த்தவை மசூலாப் படகுகள்தாம். 1669 முதல் 1679 வரை வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளைப் பற்றிக் குறிப்பு எழுதிவைத்த தாமஸ் பவ்ரி என்ற ஆங்கில வியாபாரி இவற்றைப் பற்றியும் எழுதியிருக்கிறார். சென்னை மாகாண மீன்துறையின் டைரக்டராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி ஒரு நீண்ட ஆராய்ச்சி வெளியிட்டார். பெரிய கப்பல்களைப் பார்த்துப் பழகிய அந்த ஐரோப்பியர்களுக்கு இந்தப் படகில் ஓர் அதிசயம் இருந்தது. இதில் ஆணி இல்லை. உள்ளே விலாச் சட்டங்களும் இல்லை. பலகையும் பலகையும் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன!

நாம் துணி தைப்பது போலவேதான். பலகை ஓரங்களில் வரிசையாகத் துளை போட்டு, இணைப்பின்மேல் வைக்கோல் அல்லது நாரைத் திணித்துவைத்து, அதன்மேல் கயிற்றை மாற்றி மாற்றி இழுத்துத் தைப்பார்கள். ஆணியடித்த படகு அலை தூக்கித் தரையில் மோதும்போது விறைத்துக்கொண்டு நின்று பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுத்துப் பிழைக்கும். ஆனால் கயிறு உப்புத் தண்ணீரில் நைந்துபோகும். அவ்வப்போது பிரித்து, பழைய கயிற்றை எறிந்துவிட்டு, முழுவதையும் மறுபடி தைத்தாக வேண்டும். அதைத் தைக்கும் விதத்தைக் கவனியுங்கள். படகுக்கு உள்ளே ஒருவன், வெளியே ஒருவன். உள்ளே இருப்பவன் துளை வழியாகக் கயிற்றைத் தள்ளுவான். வெளியே இருப்பவன் வாங்கி இழுத்துத் திருப்பி அனுப்புவான். ஒருவன் முகம் மற்றவனுக்குத் தெரியாது, நடுவில் பலகை. கயிற்றின் இழுப்பிலிருந்துதான் இருவருக்கும் பேச்சு. எவ்வளவு கெட்டிக்காரனானாலும் ஒருவன் ஒரே சமயத்தில் படகுக்கு உள்ளும் வெளியும் இருக்க முடியாது அல்லவா?

சென்னைத் துறைமுக வேலை 1875-இல் அஸ்திவாரக் கல்லோடு தொடங்கியது. 1881 நவம்பரில் அடித்த புயல் முக்கால்வாசி முடிந்திருந்த கட்டுமானத்தை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டி முடிக்க அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதி ஆயிற்று. துறைமுகம் வந்தபின் மசூலாவின் மவுசு குறைந்தது. கரைவலை இழுக்கிறவர்களிடம் மட்டும் தைத்த படகு வெகுகாலம் தங்கியிருந்தது. ஆணியடித்த மரப் படகுகளிலும் கூட்டு வேலை குறையவில்லை. பலகை இடுக்கில் பஞ்சும் நாரும் செருகிக் கலப்பற்று அடிக்க வேண்டும். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிச் சூடு ஆறுவதற்குள் பூச வேண்டும். மரத்தைக் கப்பல் புழு அரிக்காமல் மீனெண்ணெய் தடவ வேண்டும். இப்போது ஃபைபர் வந்திருக்கிறது. குங்கிலியம் ஆறுவதற்கு முன் ஓடியவர்களின் பேரன்கள் ரெசின் இறுகுவதற்கு முன் ஓடுகிறார்கள்.

உதவியில்லாமல் வேலை நடக்காது என்பது ஒரு காரணம். ஆனால் காசு கொடுத்து ஆள் பிடிக்கலாமே என்று மைத்துனர் கேட்கக்கூடும், கேட்டார். அதற்கு விடை கடலில் இருக்கிறது. கடல் தொழிலில் இன்றைக்கு ஒருவன் வலை கிழியக் கிழிய அள்ளுவான். பக்கத்திலேயே வலை போட்டவன் டீசல் செலவுக்குக்கூட வழியில்லாமல் திரும்புவான். யார் சாமர்த்தியமும் அதைப் பூரணமாகத் தடுக்க முடியாது. படகு உடைகிற நாளில் கையில் காசு இருக்கும் என்று என்ன நிச்சயம்? பெரும்பாலும் இருக்காது. பழுது பார்க்கக் காசு வேண்டும். காசுக்கு மீன் வேண்டும். மீனுக்குப் படகு வேண்டும். இந்தச் சக்கரத்தை எங்கேயாவது ஒரு பக்கம் வெட்டினால்தான் மனிதன் பிழைப்பான். அண்டை வீட்டான் இலவசமாகக் கை கொடுக்கும்போது அந்த இடத்தில் வெட்டு விழுகிறது. அவன் அதைக் கடனாகத் தருகிறான். வட்டியில்லை, பத்திரமில்லை, தவணையில்லை. தன் படகு உடைகிற நாளில் வசூலித்துக்கொள்வான்.

பழவேற்காட்டில் இந்தப் புத்தி ஏரியைப் பங்கிடுவதிலும் தெரிகிறது. அங்கே பாடு என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் சுத்து வலை கட்டும் இடங்களில் நல்ல இடமும் உண்டு, மோசமான இடமும் உண்டு. பலசாலி நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ளாதபடி, சீட்டுப் போட்டு, முறை வைத்து இடத்தை மாற்றிக்கொள்கிறார்கள். கல்யாணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு முறை உண்டு. இன்றைக்கு எனக்கு நல்ல இடம், நாளைக்கு உனக்கு. படகைப் பழுது பார்க்கும்போது பெரியவர் சொன்னதும் இதே கணக்குத்தான்.

கடலில் ஆபத்தில் சிக்கியவனுக்கு உதவ வேண்டும் என்று உலகச் சட்டம் இருக்கிறது. 1910-இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பல தேசங்கள் கூடிச் செய்த ஒப்பந்தம், கடலில் உயிருக்குப் போராடுகிறவன் எதிரியாக இருந்தாலும் கப்பல் தலைவன் காப்பாற்றக் கடமைப்பட்டவன் என்று விதித்தது. நல்ல சட்டம். ஆனால் உயிரோடு கரை சேர்ந்தவன் மறுநாள் உடைந்த படகின் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொள்கிறானே, அவனுக்கு உதவ வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் இல்லை. அங்கே பழக்கம்தான் சட்டம். அந்தப் பழக்கம் நம் கரைக்கு மட்டும் சொந்தமும் அல்ல. தென் அமெரிக்காவில் சிலி தேசத்தைச் சேர்ந்த சிலோயே என்ற தீவில் மிங்கா என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் குடியிடத்தை மாற்ற நினைத்தால் அக்கம்பக்கத்தார் கூடி அவனுடைய மரவீட்டையே அப்படியே பெயர்த்து, மாடு கட்டி இழுத்து, வேண்டுமானால் கடலில் மிதக்கவிட்டுப் படகுகளால் இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். கூலி, வயிறாரச் சாப்பாடு. நம் கரையில் டீ; அங்கே விருந்து. வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட பழக்கத்துக்கு 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஒரு சோதனை வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. சுனாமி அலை தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பழவேற்காட்டை ஒட்டிய குப்பங்களும் அடிபட்டன. நாகப்பட்டினத்தில் படகுகள் வீட்டுக் கூரைகளின் மேலும் பாலத்தின் மேலும் கிடந்தன. முன்பெல்லாம் ஒருவன் படகு உடையும், ஒன்பது பேர் படகு நன்றாக இருக்கும். ஒன்பது பேர் வந்து உதவுவார்கள். இந்தத் தடவை பத்துப் பேர் படகும் ஒரே காலையில் உடைந்தன. கை கொடுக்க வேண்டியவன் தானே கை நீட்டி நின்றான்.

அப்போது வெளியிலிருந்து உதவி வந்தது; வெள்ளமாக வந்தது. சில உதவிகள் படகுக்காரனின் மனத்தை அறிந்து வந்தன. எஞ்சினுக்குள் உப்பும் மணலும் புகுந்தால் உடனே பிரித்துக் கழுவாவிட்டால் துருப்பிடித்துவிடும். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு நாகப்பட்டினத்தில் எஞ்சின்களையும் படகுகளையும் பழுது பார்க்கும் வேலையை முன்னின்று நடத்தியது. அதுவும் படகுக்காரர்கள் படகுக்காரர்களுக்குச் செய்த உதவிதான். குப்பம் கொஞ்சம் பெரிதாயிற்று, அவ்வளவே.

வேறு பல உதவிகள் புதுப் படகாகவே வந்தன. பழையதை ஒட்டுவதைவிடப் புதியதைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வது சுலபம். கட்டுமரம் வைத்திருந்தவனுக்கு ஃபைபர் படகு கிடைத்தது. படகே இல்லாமல் பங்குக்குத் தொழில் செய்தவனும் சொந்தக்காரனானான். நல்ல காரியம் என்றுதான் நானும் அப்போது நினைத்தேன். பல கரைகளில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிடப் படகு அதிகமாகிவிட்டது. ஏறிப் போகத்தான் ஆள் போதவில்லை. நாலு பேருக்குச் சேர்த்துக் கொடுத்த படகில் சண்டை வந்து, கடைசியில் ஒருவன் கைக்குப் போனதும் உண்டு. உபகாரம் செய்ய வந்தவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. படகைக் கொடுத்தார்கள், படகுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளைக் கொடுக்க அவர்களால் முடியவில்லை.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் கரையில் நான் இன்னொன்றையும் பார்த்தேன். டீ குடித்தவர்களுக்குக் கொஞ்ச தூரத்தில், ஏரியின் ஓரத் தண்ணீரில் மூன்று பெண்களும் ஒரு கிழவரும் குனிந்து சேற்றைத் தடவிக்கொண்டிருந்தார்கள். இருளர்கள். அவர்களுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். "அவங்களுக்குப் பாடு உண்டா?" என்று பெரியவரைக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அது எங்க தலைக்கட்டுக்குத்தான் சார்" என்றார். குரலில் கடுமை ஒன்றும் இல்லை. கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்ற சங்கடம் மட்டும் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பரஸ்பர உபகாரம் என்பதில் பரஸ்பரம் என்ற சொல் முதலில் நிற்கிறது. திருப்பித் தரக்கூடியவனுக்குத் தருவது அது. படகு இருப்பவனுக்குத்தான் படகுக்காரன் கை கொடுப்பான். படகே இல்லாதவனுக்கு எதைப் பழுது பார்ப்பது? சுனாமி நிவாரணத்திலும் இதுவே நடந்தது. வந்த பொருளைக் குப்பத்துப் பஞ்சாயத்துகள் தலைக்கட்டுக்குச் சமமாகப் பங்கிட்டன; வெளியார் கண்டு வியந்த நேர்மை அது. ஆனால் தலைக்கட்டாக எண்ணப்படாத விதவைகளும், கரையில் பிழைத்த ஆதிதிராவிடர்களும் இருளர்களும் பல இடங்களில் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றார்கள். என் மைத்துனரைச் சொல்லிச் சிரித்தேன். ரசீது இல்லாத கணக்கும் கணக்குத்தான். அதற்கும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது.

இதனால் அந்தப் பெரியவரின் மேல் எனக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை. மாடி வீட்டில் குடியிருக்கும் நமக்கு, கீழ் வீட்டுக்காரருடைய குழாய் உடைந்தால் என்ன செய்கிறோம்? பிளம்பரின் டெலிபோன் நம்பரைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். நமக்குப் பலகைக்கு இந்தப் பக்கமும் தெரியாது, அந்தப் பக்கமும் தெரியாது. அவர்களுக்குக் குப்பம் முழுவதும் தெரிகிறது. குப்பத்துக்கு அப்பால் இன்னும் நாலு அடி தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அந்த நாலு அடியைச் சொல்லும் யோக்கியதை நமக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

பஸ்ஸில் திரும்பும்போது மைத்துனர் வெகுநேரம் பேசாமல் வந்தார். திருவள்ளூர் தாண்டிய பிறகு, "அத்தான், நம்ம சாமி வள்ளியை எங்கே கண்டார்?" என்று கேட்டார்.

"தினைப்புனத்திலே. வேடர் வீட்டுப் பெண்."

"அவங்க தலைக்கட்டிலே சேர்ந்தவ இல்லையே?"

நான் பதில் சொல்லவில்லை. வள்ளியை மணந்துகொண்ட தலம் என்றும், சினம் தணிந்து அமர்ந்த தலம் என்றும் எங்கள் ஊருக்குப் பெருமை சொல்வதைப் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு நானும் மைத்துனரும் சீக்கிரமே பொய்கைக்குப் போய்விட்டோம். தண்ணீரில் நின்று கயிறு இறுக்குகிறவர்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. மைத்துனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பக்கத்தில் நின்றவர் யார், எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. கயிற்றைக் கையில் வாங்கி இழுத்தார்.